லொறிக்குள் ஓர் அலுமாரி

போன கிழமை ஒருநாள் மரக்கறி வாங்கவென்று வெள்ளவத்தைச் சந்தைக்குப் போனவள் வெறும் பையோடு வீட்டுக்குத் திரும்பி வந்தேன். வயது போனால் இப்படித்தான் என்று இவர் சொன்னார். இவர் என்றால் என் வீட்டுக்காரர், யாழ்ப்பாணத்து மனிதர், எதற்கும் உடனே ஒரு காரணம் கண்டுபிடித்துவிடுவார். ஆனால் வயதெல்லாம் இல்லை. காலி வீதி என்கிற பெருந்தெருவில் ஒரு புடைவைக் கடைக்கு முன்னால் ஒரு லொறி நின்றது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றதில் கத்தரிக்காய் மறந்துபோயிற்று.

சும்மா லொறி இல்லை. பழைய ஜப்பான் லொறி ஒன்றின் முதுகில் பலகையாலும் தகரத்தாலும் ஒரு குட்டி வீடு கட்டியிருந்தார்கள். ஒரு வெள்ளைக்காரப் பெடியனும் பெட்டையும். பக்கச் சுவரைப் பாதிக்கு இறக்கிவிட்டால் அது மேசை. ஏறுகிற படியை மடித்தால் அது கதிரை. உள்ளே கட்டில், கட்டிலுக்குக் கீழே பெட்டி, பெட்டிக்குப் பக்கத்தில் சைக்கிள். சுற்றிவர நல்ல சனம். புடைவைக் கடைப் பிள்ளைகள் வேலையை விட்டுவிட்டு வாசலுக்கு வந்துவிட்டார்கள். ஓட்டோக்காரர் ஒருவர் தானே கட்டிய மாதிரி எல்லாருக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"உள்ளுக்கு டொய்லட்டும் இருக்காம் அன்ரி. வாடகை இல்ல, கரண்ட் பில் இல்ல. ராச வாழ்க்கை!"

"பொலிஸ்காரன் வந்து எடு எண்டு சொல்லுற மட்டும்தான் ராச வாழ்க்கை," என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இந்தக் கதை முடிகிற வரைக்கும் அந்த வாயை நீங்கள் ஞாபகம் வைத்திருக்க வேண்டும்.

அந்தப் பெட்டை உள்ளே வெங்காயம் வதக்கினாள். எஞ்சின் இன்னும் ஆறவில்லை போலிருக்கிறது. சூடான டீசல் மணமும் வெங்காயம் வதங்குகிற மணமும் ஒன்றாக வந்து மூக்கில் ஏறின. இந்த இரண்டு மணமும் ஒன்றாக வந்த இடம் எனக்குத் தெரிந்து ஒன்றே ஒன்றுதான். எங்கள் அண்ணாவின் லொறி.

எங்கள் வீடு அப்போது கொட்டாஞ்சேனையில், மாதா கோயிலுக்குப் பின்னால் போகிற ஒரு ஒழுங்கையில் இருந்தது. இரண்டு அறை, ஒரு ஹோல். குசினிக்குள் நின்று கையை நீட்டினால் பக்கத்து வீட்டுக் குசினியிலிருந்து உப்பு வாங்கலாம். டடா துறைமுகத்தில் வேலை. கொட்டாஞ்சேனையில் நாங்கள் அப்பாவை டடா என்றுதான் கூப்பிடுவோம். யாழ்ப்பாணத்துக் குடும்பத்தில் கலியாணம் கட்டிய பிறகு அந்த ஒரு சொல்லுக்காக நான் வாங்கிய நக்கல் கொஞ்சநஞ்சமில்லை. அப்புறம் மம்மா, அண்ணா, நான். அண்ணா என்னைவிட நன்றாக மூத்தவர். அந்தோனி என்று பெயர், ஒழுங்கையில் எல்லாருக்கும் டோனி அண்ணன். அவரும் துறைமுகத்துச் சாமான்தான் ஏற்றினார், முதலாளி ஒருவரின் லொறியில்.

எனக்குக் கலியாணம் பேசி வந்தபோது மாப்பிள்ளை வீட்டார் அதிகம் ஒன்றும் கேட்கவில்லை. வீடு மட்டும் கேட்டார்கள். எங்கள் ஆட்களிடம் வீடு பெண்ணுக்குச் சீதனமாகப் போகும், உங்களுக்குத் தெரியாததில்லை. அண்ணன் தம்பிமார் இருந்தாலும் வீடு பெண்ணுக்குத்தான். ஆண்பிள்ளைக்கென்ன, அவனைக் கட்டப் போகிறவள் ஒரு வீட்டோடு வருவாள் என்பது எல்லாருடைய எண்ணம். வராவிட்டால் என்ன செய்வது என்று யாரும் யோசிப்பதில்லை. டடா கொஞ்சம் தயங்கினார். வாயைத் திறந்தது அண்ணாதான்.

"வீட்டத் தங்கச்சிக்கு எழுதுங்க டடா. நான் ஆம்பிளதானே. எங்க வேணும் எண்டாலும் படுப்பன்."

எல்லாருக்கும் அந்தப் பேச்சு பிடித்துப்போயிற்று. "அண்ணன் எண்டால் இப்பிடியெல்லோ இருக்க வேணும்!" என்று மாப்பிள்ளையின் பெரியம்மா தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு மெச்சினா. எனக்கும் பெருமை தாங்கவில்லை. கலியாணச் சீலை என்ன நிறம் என்பதில்தான் என் யோசனை முழுக்க. எங்கே படுப்பீர்கள் என்று அண்ணாவிடம் ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

கலியாணம் முடிந்த கையோடு கொட்டாஞ்சேனை வீட்டை விற்றோம். இவருடைய சொந்தக்காரர் எல்லாரும் வெள்ளவத்தையில். அதனால் கடல் பக்கமாக இறங்குகிற ஒரு ஒழுங்கையில் தொடர்மாடியில் ஒரு வீடு வாங்கினோம், இப்போதும் நாங்கள் இருப்பது அதே வீட்டில்தான். இரண்டு அறை. ஒன்று எங்களுக்கு, ஒன்று டடாவுக்கும் மம்மாவுக்கும். அண்ணாவுக்குப் படுக்க ஹோலில் ஒரு நீளச் செற்றி. இவர் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை, அதைச் சொல்லாவிட்டால் பாவம் கிடைக்கும். ஆனால் தங்கச்சியின் சீதன வீட்டில், மச்சானுக்கு முன்னால் படுத்து எழும்புகிறது அண்ணாவுக்குக் கூச்சம். நாங்கள் எழும்புவதற்கு முதலே போர்வையை மடித்து வைத்துவிட்டு வெளியே போய்விடுவார். கொஞ்ச நாளில் முதலாளியின் வேலையை விட்டார். எங்கேயோ மழையில் நின்ற ஒரு பழைய லொறியை வாங்கினார்.

அந்த லொறி வந்த பிறகு அண்ணாவைப் பிடிக்க முடியவில்லை. மட்டக்குளியில் ஒரு கராஜில் அதை விட்டு, தச்சு வேலைக்கு ஒரு சிங்கள பாஸைப் பிடித்து, இரண்டு பேருமாக மாதக்கணக்கில் தட்டினார்கள். நான் இடைக்கிடை சோற்றுப் பார்சல் கொண்டு போவேன். பாஸ் சிங்களத்தில் கத்துவார், அண்ணா சிங்களமும் தமிழும் கலந்து கத்துவார், ஒரு பலகையை நடுவில் வைத்துக்கொண்டு அரை நாள் சண்டை போகும். அந்தப் பலகையை இன்னும் என்ன வேலைக்குப் பிடிக்கலாம் என்பதுதான் சண்டை.

அண்ணாவுக்கு ஒரு சட்டம் இருந்தது. "ஒரு சாமான் ஒரு வேலதான் செய்யும் எண்டா அதுக்கு என்ர லொறியில இடமில்ல." பின் கதவை முழுக்க இறக்கினால் மூட்டை ஏற்றுகிற பலகை, பாதியில் நிறுத்தினால் சாப்பாட்டு மேசை. உட்காருகிற வாங்குப் பலகைகள் இரும்புப் பிணைச்சலில் சுவரோடு மடியும், விரித்தால் கட்டில்கள். தண்ணீர்ப் பீப்பாயின் மூடிக்கு மெத்தை தைத்திருந்தது, அது இருக்கை. மழைக்குப் போடுகிற படங்கை ஒரு பக்கம் இழுத்துத் தடியில் கட்டினால் வெளியே ஒரு விறாந்தை. வெங்காய மூட்டையைக் கட்டுகிற கயிறே உடுப்புக் காயப்போடுகிற கொடி. உடுப்பில் வெங்காயம் மணக்கும் என்று நான் மூக்கைப் பொத்தினால், "சும்மா கிடைக்கிற சென்ற் வேணாமா உனக்கு?" என்பார்.

அந்தச் சட்டத்துக்கு அடங்காத சாமான் ஒன்றே ஒன்று இருந்தது. டிரைவர் பக்கச் சுவரோடு சேர்த்து, ஒரு ஆள் அகலத்தில், நல்ல தேக்குப் பலகையில் ஒரு அலுமாரி. அது மடியாது, விரியாது, மேசையாகாது. அதற்கு ஒரே வேலைதான். அதை நான் அப்போது கவனிக்கவில்லை. கவனித்தும் கவனிக்காதவள் மாதிரி இருந்தேனோ என்று இப்போது என்னையே கேட்கிறேன்.

"இவ்வளவு கட்டில் எதுக்கு அண்ணா?" என்று மட்டும் ஒருமுறை கேட்டேன்.

"தலவிலைத் திருவிழாவுக்குப் போற சனம் படுக்கத்தான்."

நம்பினேன். நம்புவது வசதியாக இருந்தது.

வார நாட்களில் அண்ணா விடியற்காலையில் கட்டிலை மடித்து, மெத்தையைச் சுருட்டி, மண்ணெண்ணெய்க் குக்கரைக் கொழுக்கியில் மாட்டிவிட்டு லொறியை வெறுமையாக்குவார். வெறுமையாக்கினால்தானே சாமான் ஏறும். புறக்கோட்டையில் வெங்காயமும் உருளைக்கிழங்கும் ஏற்றி, கிராண்ட்பாஸ் கடைகளுக்கு இறக்கி, பாமன்கடைப் பக்கம் இறக்கி, பின்னேரம் லொறியைக் கழுவித் திரும்ப விரிப்பார். டிசம்பரில் நத்தார் காலத்தில் பக்கச் சுவரை இறக்கினால் மேடை, கோயில் பாடகர் குழு அதில் நின்று கொட்டாஞ்சேனை ஒழுங்கையெல்லாம் பாடிக்கொண்டு போகும். கலியாணவீடென்றால் பொம்பிளைக்குச் சீலை உடுத்துகிற அறை. செத்தவீடென்றால் கதிரைகளைக் கொண்டு போய் இறக்கிவிட்டு அங்கேயே நிற்பார். செத்தவீட்டில் அடுப்பு மூட்டக் கூடாதல்லவா, வந்த சனத்துக்கு லொறிக்குள்ளிருந்துதான் தேத்தண்ணீர் போகும். ஒருமுறை ஒரு பிள்ளைத்தாச்சியைக் களுபோவில ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினார். நல்ல காலம், வாசலில் இறக்கின பிறகுதான் குழந்தை அவசரப்பட்டது.

ஆனால் அந்த லொறியின் பெருமையைப் பார்க்க வேண்டுமென்றால் தலவில அன்னம்மாள் திருவிழாவுக்கு வந்திருக்க வேண்டும். மற்றச் சனம் கடற்கரை மணலில் கம்பு நட்டு, சீலை கட்டி, காற்று அதைப் பிடுங்கிக்கொண்டு போக, பின்னால் ஓடும். நாங்கள் மட்டும் வாங்கை விரித்து, படங்கை இழுத்துக் கட்டி, காலை நீட்டி உட்கார்ந்திருப்போம். மம்மா பின் கதவில் பாண் வெட்டுவா, மாசிச் சம்பல் இடிப்பா. வெளியே கடல் காற்றும் கருவாட்டு மணமும். பக்கத்துக் கூடாரத்துச் சிங்கள அம்மா ஒருவர் வந்து எட்டிப் பார்த்து, கட்டிலைத் தட்டிப் பார்த்து, தன் புருசனைக் கூப்பிட்டுக் காட்டுவார். நான் உடனே எழும்பிவிடுவேன். "இஞ்ச பாருங்க, இது மேசை. இப்ப பாருங்க, கதவு!" என்று ஒவ்வொன்றாக மடித்தும் விரித்தும் காட்டுவேன். சந்தையில் மருந்து விற்கிறவன்கூட அவ்வளவு கதைக்க மாட்டான். இவர் தலையில் அடித்துக்கொள்வார். "உம்மட வாய்க்கு ஒரு பிணைச்சல் பூட்டச் சொல்லும் அண்ணாட்ட," என்பார். அண்ணா ஒரு ஓரத்தில் நின்று சிரித்துக்கொண்டிருப்பார்.

சண்டைக் காலத்தில் சோதனைச் சாவடிகளில் இந்த லொறி பட்ட பாடு தனிக் கதை. இத்தனை பெட்டியும் மூடியும் உள்ள லொறியை ஒரு தமிழன் ஓட்டிக்கொண்டு வந்தால் ஆமிக்காரன் விடுவானா? ஒவ்வொன்றாகத் திறக்கச் சொல்வார்கள். ஒருநாள் ஒரு இளம் ஆமிக்காரன் எல்லாவற்றையும் திறந்து பார்த்தான், கடைசியில் அலுமாரியையும் திறந்து பார்த்தான். பிறகு துவக்கை மடியில் வைத்துக்கொண்டு வாங்கில் உட்கார்ந்து, "மேக்க கெதரக் நே, அய்யே," என்றானாம். இது ஒரு வீடல்லவா, அண்ணே. அண்ணா அதை எங்கள் சாப்பாட்டு மேசையில் பகிடியாகச் சொன்னார், நாங்கள் வயிறு நோகச் சிரித்தோம். வழியில் நின்ற ஒரு ஆமிக்காரப் பெடியனுக்கு ஒரே பார்வையில் தெரிந்தது, ஒரே வயிற்றில் பிறந்த எனக்குத் தெரியவில்லை. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ரெஜினாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டுவிடலாமா என்று நேற்றுவரை யோசித்தேன்.

ரெஜினா கோயில் பாடகர் குழுவில் பாடுகிறவள். நத்தாருக்கு லொறி மேடையில் நிற்கும்போது எப்போதும் டிரைவர் பக்கத்து மூலையில்தான் நிற்பாள். அண்ணாவும் அந்த நாட்களில் லொறியை மிகவும் மெதுவாக ஓட்டுவார். கொட்டாஞ்சேனை முழுக்கத் தெரிந்த விசயம். மம்மாதான் பேச்செடுத்தா. ரெஜினாவின் வீட்டில் மூன்று பெண்கள். வீடு மூத்தவளோடு போய்விட்டது, ரெஜினா கடைசி. அவளுடைய அப்பா துறைமுகக் கந்தோரில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர், மரியாதையான மனிதர். "என்னட்டக் குடுக்க வீடில்ல. மாப்பிள்ளைக்குத் தலைக்கு மேல ஒரு கூரை இருந்தாக் காணும், வேற ஒண்டும் நான் பாக்க மாட்டன்," என்று மம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அந்த அங்கிள் எங்கள் வெள்ளவத்தை வீட்டுக்கு வந்தார். அண்ணா வெள்ளைச் சேட்டுப் போட்டு, தலையை ஒழுங்காக வாரி இழுத்து, நடந்து வந்தார். லொறியை எங்கேயோ பாமன்கடைப் பக்கம் ஒரு மதிலோரம் விட்டுவிட்டு வந்திருந்தார். எனக்கு அது பொறுக்கவில்லை. ஊரெல்லாம் மெச்சுகிற லொறி. அண்ணாவின் கெட்டித்தனம் முழுக்க அதில்தான் இருக்கிறது. அதைக் காட்டாமல் கலியாணம் பேசுவதா?

"லொறியக் கொண்டு வாங்க அண்ணா, அங்கிளுக்குக் காட்டுவம்!"

"இப்ப என்னத்துக்கு தங்கச்சி?"

"சும்மா வெக்கப்படாதீங்க!"

டடாவும் சேர்ந்துகொண்டார். எல்லாரும் சொன்ன பிறகு அண்ணாவுக்கு வேறு வழியில்லை. போய் லொறியைக் கொண்டு வந்து ஒழுங்கையில் விட்டார். நான் அங்கிளைக் கையைப் பிடித்து ஏற்றினேன். தலவிலையில் காட்டின மாதிரியே எல்லாவற்றையும் காட்டினேன். மேசை, வாங்கு, கட்டில், பீப்பாய், படங்கு. எனக்கு அன்று நாக்கில் சனி. அங்கிளும் நல்லாய்த்தான் ரசித்தார். "அட, இதுவும் மடியுதா! நல்ல மூளைக்காரன்!" என்று சிரித்தார். பிறகு அலுமாரிக்கு முன்னால் வந்து நின்றார்.

"இது என்ன வேல செய்யும்?" என்று கேட்டுக்கொண்டே கதவைத் திறந்தார்.

உள்ளே அண்ணாவின் சேட்டுகள் வரிசையாகத் தொங்கின, எல்லாம் மடிப்புக் கலையாமல். முகம் வழிக்கிற கண்ணாடி, சவர்க்காரப் பெட்டி, பல்லுத் தூரிகை. கதவின் உள்பக்கம் டடாவும் மம்மாவும் கலியாணத்தில் எடுத்த படம். அதற்கு மேலே காய்ந்த குருத்தோலைச் சிலுவை. குருத்தோலைச் சிலுவையை வீட்டுக் கதவில்தானே வைப்போம்.

அங்கிள் சிரிப்பை விட்டுவிட்டு அண்ணாவைப் பார்த்தார். "தம்பி எங்க இருக்கிறீர்?"

அண்ணா வாயைத் திறந்தார். எனக்குப் பொறுக்கவில்லை, முந்திக்கொண்டேன். "இஞ்சதான் அங்கிள்! லொறியிலயே எல்லா வசதியும் இருக்குத்தானே!"

அதை ஒரு பெருமையாகச் சொன்னேன், நம்புவீர்களா? தலையை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன். அவ்வளவு காலமும் எங்கள் வீட்டில் ஒருவரும் சொல்லாத ஒன்றை முதன்முதலில் வாய்விட்டுச் சொன்னது அன்றைக்குத்தான், அதுவும் பெண்ணைப் பெற்றவருக்கு முன்னால். சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே காதில் விழுந்தது. டடா நிலத்தைப் பார்த்தார். மம்மா மாடிப் படியிலேயே நின்றுவிட்டா.

"கொட்டாஞ்சேனையில ஒரு வாடக வீடு பேசியிருக்கிறன் அங்கிள்," என்றார் அண்ணா, மெதுவாக. அதைச் சொல்வதற்கென்றுதான் அன்று வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். அதை முதலில் சொல்ல நான் விட்டிருந்தால் எல்லாம் வேறு மாதிரி நடந்திருக்கும்.

"நல்லது தம்பி, நல்லது," என்றார் அங்கிள். அலுமாரிக் கதவை மிகவும் மெதுவாகச் சாத்தினார், உள்ளே யாரோ நித்திரை கொள்கிற மாதிரி. மேலே வந்து தேத்தண்ணீர் குடித்தார். பலகாரம் தொடவில்லை. "யோசிச்சுச் சொல்லுறம்," என்று போனவர் பிறகு ஒன்றும் சொல்லவில்லை. ரெஜினாவை நீர்கொழும்பில் கட்டிக் கொடுத்தார்கள், அங்கிருந்து புருசனோடு இத்தாலிக்குப் போய்விட்டாளாம். அண்ணா அதற்குப் பிறகு ஒரு கலியாணப் பேச்சுக்கும் சம்மதிக்கவில்லை.

நான் அழுதேன். அழுதுகொண்டு அண்ணாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் லொறியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"நீ ஒண்டும் பொய் சொல்லேல்லத்தானே," என்றார். "அந்த வாளிய இஞ்சால தள்ளு."

திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். நீங்களே சொல்லுங்கள், அன்றைக்காவது நாங்கள் அவரை வீட்டுக்கு வரச் சொல்லியிருக்க வேண்டாமா? சொல்லவில்லை. எனக்குப் பிள்ளை பிறந்தது. டடாவும் மம்மாவும் ஒருவர் பின் ஒருவராகப் போய்ச் சேர்ந்தார்கள், அந்த அறை மகனுடைய படிப்பு அறை ஆகிவிட்டது. அறை எப்போதும் யாருக்கோ தேவையாய் இருந்தது. அண்ணாவுக்குத்தான் லொறி இருக்கிறதே. அப்படித்தான் சொல்லிக்கொண்டோம், அதை ஒரு அதிசயம் மாதிரி வருகிற போகிற ஆட்களுக்கெல்லாம் சொன்னோம். எங்கள் வீட்டில் ஒரு மனிதனுக்கு நாங்கள் கொடுத்த வேலைகளை எண்ணினால் அவருடைய பலகைகள் தோற்றுப்போகும். அண்ணன், டிரைவர், சீதனம் கொடுத்தவர், செத்தவீட்டுக்குத் தேத்தண்ணீர் ஊற்றுகிறவர், என் பிள்ளையை ஸ்கூலுக்கு ஏற்றிப் போகிறவர். ஒரு வேலையும் இல்லாமல் சும்மா படுத்துக் கிடக்க ஒரு இடம் மட்டும் நாங்கள் கொடுக்கவில்லை.

லொறியின் கடைசி வேலை டீசல் வரிசையில். நாடு முழுக்க டீசல் இல்லாமல் சனம் நாள் கணக்காக வீதியில் கிடந்த காலம் உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். அண்ணா வரிசையில் நின்றபடியே பக்கச் சுவரை இறக்கி, முன்னுக்கும் பின்னுக்கும் நின்ற எல்லாருக்கும் பிளேன் டீ ஊற்றினார். நான் சாப்பாடு கொண்டு போனபோது ஒரு வயதான வான் டிரைவர் அண்ணாவின் கட்டிலில் படுத்திருந்தார், அண்ணா கீழே தார் ரோட்டில் உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு அவருக்கு ரத்தத்தில் சீனி கூடிய வருத்தத்தில் காலில் புண் வந்தது. களுபோவிலைக் கிளினிக்குக்கு நடையாய் நடந்தார். கிளச் மிதிக்க முடியவில்லை. வத்தளையில் ஒருவருக்கு லொறியை விற்றார். வாங்கியவர் முதல் வேலையாக மேலே இருந்த வீட்டைக் கழற்றிப் பின்வளவில் இறக்கினார். இப்போது அதில் கோழி வளர்க்கிறாராம்.

மகன் அதற்கு முன்பே கனடாவுக்குப் போயிருந்தான். இவர்தான் சொன்னார், நான் இல்லை. "உம்மட அண்ணாவைக் கூட்டிக்கொண்டு வாரும். அறை சும்மாதானே கிடக்குது." அந்த ஒரு சொல்லுக்காக இவருடைய எல்லா நக்கலையும் நான் மன்னித்துவிட்டேன். சொல்ல வேண்டியவள் நான் அல்லவா என்பதும் உறுத்தியது.

அப்படி அண்ணா வந்தார், ஒரு பயணப் பையோடு. அலுமாரியையாவது கழற்றிக் கொண்டு வந்திருக்கலாமே என்றேன். "அது சுவரோட சேத்துப் பூட்டினது. கழட்டினா உடைஞ்சிடும்," என்றார். இன்றைக்கும் அந்த அறையைத் "தம்பியின்ர அறை" என்று என் மகனுடையதாகத்தான் சொல்வார். உடுப்பெல்லாம் பையில்தான். மகனுடைய அலுமாரியைத் தொட மாட்டார். விடியற்காலையில் எழும்பி மெத்தையைச் சுருட்டிச் சுவரோடு நிறுத்தி, போர்வையை மடித்து மேலே வைத்துவிட்டு ஹோலுக்கு வந்து உட்கார்ந்துகொள்வார். பகலில் அந்த அறைக்குள் போனால் அங்கே யாரும் இருக்கிறார்கள் என்று சொல்ல முடியாது.

வெள்ளைக்காரரின் லொறியை நான் பார்த்த மறுநாள் அவரையும் கூட்டிக்கொண்டு போனேன். நல்ல காலம், அது இன்னும் நின்றது. அண்ணா பொல்லை ஊன்றிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினார். குனிந்து பிணைச்சல்களைப் பார்த்தார். அந்தப் பெட்டை சிரித்துக்கொண்டு உள்ளே வரச் சொன்னாள். மேசையை அவர் தானே மடித்தார், தானே விரித்தார். அண்ணாவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தைக் கண்டு எவ்வளவோ காலம். அப்புறம் துறைமுகத்தில் பழகிய இங்கிலீசில் ஒரு கேள்வி கேட்டார்.

"யுவர் கன்ட்ரி... ஹவுஸ்? ஹவுஸ் இருக்கா?"

இருக்கிறதாம். ஊரில் தங்களுக்கு ஒரு வீடு இருக்கிறதாம், தன் அம்மா பார்த்துக்கொள்கிறாவாம், சுற்றி முடிந்ததும் அங்கே போய்விடுவார்களாம். நான் தமிழில் சொன்னேன்.

"அப்ப சரி," என்றார் அண்ணா. இறங்கிவிட்டார். பொல்லை ஊன்றி வீட்டுப் பக்கம் நடக்கத் தொடங்கினார்.

அன்றைக்குப் பின்னேரமே மகனுடைய அலுமாரியை முழுக்கக் காலி செய்தேன். கிரிக்கெட் சப்பாத்து, பழைய புத்தகம், எல்லாவற்றையும் பெட்டியில் போட்டுக் கட்டிலுக்குக் கீழே தள்ளினேன். அண்ணாவின் பையைத் திறந்து சேட்டுகளை ஸ்திரி போட்டு ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டேன். பைக்கு அடியில் டடா, மம்மா படம் இருந்தது, அதைக் கதவின் உள்பக்கம் ஒட்டினேன். அண்ணா கதவடியில் நின்று பார்த்தார்.

"இது இனி உங்கட அறை அண்ணா. உங்கட அலுமாரி. மெத்தையச் சுருட்ட வேணாம்."

"ஓம் ஓம். நல்லது தங்கச்சி."

மறுநாள் காலையில் தேத்தண்ணீர் கொண்டு போனேன். மெத்தை சுருட்டிச் சுவரோடு நின்றது. போர்வை மடித்து மேலே இருந்தது. பை கட்டிக் கதவடியில் இருந்தது, சேட்டுகள் அதற்குள், மடிப்புக் கலையாமல். அண்ணா ஹோலில் செற்றியின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்.

"ஏன் அண்ணா?"

"பின்னேரம் ஆரும் வந்தா இடம் வேணுமே," என்றார்.

கொட்டாஞ்சேனை வீடு இருந்த இடத்தில் இப்போது மாடிக் கட்டடம் ஒன்று நிற்கிறது, அந்த ஒழுங்கையில் கை நீட்டி உப்பு வாங்க ஒரு குசினியும் இல்லை. லொறி வத்தளையில் மணல் ஏற்றுகிறது. வெள்ளைக்காரர்களும் போய்விட்டார்கள். "என்ர லொறி, என்ர லொறி" என்று வாய்க்கு வாய் சொன்ன மனிதர் என்ர என்று ஒன்றைச் சொல்லிக் கேட்டு எவ்வளவோ காலமாகிறது. தேத்தண்ணீரை அவர் கையில் கொடுத்துவிட்டு அறைக்குள் போய்ப் பார்த்தேன். அலுமாரிக்குள் ஒன்றும் இல்லை, டடா மம்மா படம்கூட இல்லை. கதவை மெதுவாகச் சாத்தினேன்.